தங்கைக்குத் துணை நிற்கும் தமையன்

விடியற்காலை 5 மணிக்கெல்லாம் தோட்டத்து வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். கோப்பியைக் கலக்கி மூடிவைத்துவிட்டு, நெற்றி விளக்கையும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தாயும் தந்தையும் பெரட்டுக்குப் புறப்படுவர். அவர்கள் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடும். அந்த ஏழு மணி நேரமும் வீட்டுப் பொறுப்பு பிள்ளைகளிடமே விடப்படுகிறது. பெரும்பாலும் மூத்த மகனே அப்பொழுது வீட்டுத் தலைவன்.

அப்படிப்பட்ட வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று வயதுத் தங்கை படுக்கையை விட்டு எழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். பள்ளிப் பேருந்து வரும் நேரம் நெருங்குகிறது. பதினெட்டு வயதுத் தமையன் அவளை அழைக்கிறான். அவள் விடை கூறவில்லை. அதட்டுகிறான், அவள் அழுகிறாள். சோம்பல் என்று எண்ணி அவன் கோபங்கொள்கிறான். பேருந்து சென்றுவிடுகிறது. அன்று அவளுக்குப் பள்ளி இல்லை. அடுத்த மாதமும் இதே நிகழ்ச்சி. அதற்கடுத்த மாதமும் இவ்வாறே. மாதத்திற்கு இரண்டு நாள் என்று கணக்கிட்டாலும் ஆண்டில் இருபது நாட்களுக்கு மேல் அவள் படிப்பு தடைப்படுகிறது. கணக்கில் பின்தங்குகிறாள், பின்தங்கியதால் ஆசிரியரின் கேள்விக்கு அஞ்சுகிறாள், அஞ்சியதால் மேலும் சில நாட்கள் வீட்டிலேயே தங்குகிறாள். இறுதியில், "படிப்பு ஏறவில்லை, வீட்டோடு இருக்கட்டும்" என்ற முடிவுக்குப் பெற்றோர் வந்துவிடுகின்றனர்.

இந்தத் தீங்கு அண்ணனின் கெட்ட எண்ணத்தால் நேர்ந்ததன்று, அறியாமையால் நேர்ந்தது. தங்கைக்கு நேர்ந்திருப்பது மாதவிலக்கு என்பதையோ, அந்த வலி மெய்யானது என்பதையோ, அதைத் தணிக்கத் தன்னால் இயலும் என்பதையோ அவனுக்கு எவரும் கூறியதில்லை. அதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேளம் கொட்டிச் சொன்னதை மறைப்பானேன்?

இப்பொருளைப் பற்றி ஆண்மக்களிடம் பேசுவது முறையா என்று நம்மில் சிலர் தயங்கக்கூடும். அவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பெண் பிள்ளை பெரியவளானதும் நாம் செய்வது என்ன? உற்றார் உறவினருக்குச் சொல்லி அனுப்புகிறோம். தாய்மாமன் வந்து பச்சை ஓலை கட்டுகிறார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோம். நாள் பார்த்துச் சடங்கு வைத்து, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பக்கத்துத் தோட்டத்தாரையும் அழைத்து விருந்து படைக்கிறோம். சீர்வரிசைத் தட்டுகளை ஏந்தி வருவோரில் அவளுடைய உடன்பிறந்தவனும் ஒருவன்.

முதல் முறை வந்தபோது ஊருக்கே அறிவித்த செய்தி, இரண்டாம் முறை வரும்போது ஒரே வீட்டில் வாழும் அண்ணனும் அறியக்கூடாத மறைபொருளாகிவிடுகிறது. சடங்கு ஒரு நாளோடு முடிந்துவிடும். ஆனால் மாதவிலக்கோ அதன்பின் முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகள் அவளுடன் வரும். ஒரு நாள் கொண்டாட்டத்தில் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பகுதியையேனும் எஞ்சிய நாட்களில் காட்டினால், அதுவே அவளுக்கு நாம் தரும் மெய்யான சீராகும்.

நம் மரபில் இதற்கு இடமில்லை என்றும் கூறமுடியாது. தாய்மாமன் யார்? தாயின் உடன்பிறந்தவன்தானே! தன் சகோதரியின் மகள் பருவமெய்தும்போது முதலில் வந்து நிற்கும் உரிமையை நம் முன்னோர் அவனுக்கே வழங்கினர். இன்று தங்கைக்குத் தமையனாக இருப்பவன் நாளை அவள் மகளுக்குத் தாய்மாமன். ஓலை கட்ட உரிமையுள்ளவனுக்கு ஒரு குவளை வெந்நீர் வைத்துக் கொடுக்கும் கடமையும் உண்டு அன்றோ?

மாதவிலக்கு என்பது யாது?

பால்மரத்தோடு வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. நம் நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. கிளைகள் மொட்டையாகின்றன, பால் குறைகிறது. மரத்திற்கு நோய் வந்துவிட்டது என்றோ, தீட்டுப்பட்டுவிட்டது என்றோ எவரும் கூறுவதில்லை. பழைய இலை உதிர்ந்தால்தான் புதிய தளிர் வரும் என்பதை நாம் அறிவோம். பெண்ணின் உடலிலும் இயற்கை இத்தகைய ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறது.

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பை என்னும் உறுப்பு உள்ளது. அதன் இருபுறமும் முட்டைகளைத் தாங்கிய சூலகங்கள் இருக்கின்றன. மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. கரு உண்டானால் அது தங்கி வளர்வதற்கென்று, கருப்பையின் உட்சுவரில் இரத்தநாளங்கள் நிறைந்த மெத்தை போன்ற ஒரு படலம் வளர்கிறது. கரு உண்டாகாவிடில் அப்படலம் தேவையற்றதாகிவிடுகிறது. அது பிரிந்து இரத்தத்தோடு வெளியேறுவதே மாதவிலக்கு. பின்னர் புதிய படலம் வளரத் தொடங்குகிறது. வெளியேறுவது கெட்ட இரத்தமுமன்று, அழுக்குமன்று. பத்து மாதம் நம் ஒவ்வொருவரையும் தாங்கி வளர்த்தது அதே கருப்பைதான்.

பெரும்பாலான சிறுமியருக்கு 12 அல்லது 13 வயதளவில் இது தொடங்குகிறது. ஒன்பது, பத்து வயதில் தொடங்குவதும் உண்டு. முதல் நாளிலிருந்து அடுத்த முறையின் முதல் நாள் வரை கணக்கிட்டால், வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்கள் இடைவெளி இருக்கும். பருவமெய்திய முதல் சில ஆண்டுகளில் இந்த இடைவெளி 45 நாட்கள் வரை நீள்வதும் இயல்பே. ஒவ்வொரு முறையும் 2 முதல் 7 நாட்கள் வரை உதிரப்போக்கு இருக்கும். வெளியேறும் இரத்தத்தின் அளவு சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவேயாகும்.

வலி ஏன் வருகிறது?

படலத்தை வெளியேற்றுவதற்காகக் கருப்பையின் தசைகள் இறுகித் தளர்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் அவ்வாறு இறுகச் செய்கிறது. அது மிகுதியாகச் சுரக்கும் பெண்களுக்கு வலியும் மிகுதியாக இருக்கும். முதல் ஓரிரு நாட்களில் அடிவயிற்றில் தோன்றி முதுகுக்கும் தொடைக்கும் பரவும் அந்த வலியோடு குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, களைப்பு ஆகியனவும் சேர்ந்து வரக்கூடும். நெடுந்தொலைவு ஓடியபின் கெண்டைக்காலில் பிடிப்பு ஏற்பட்டு நாம் துடித்ததில்லையா? அத்தகைய பிடிப்பு அடிவயிற்றுக்குள் விட்டுவிட்டு நாள் முழுதும் வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

உதிரப்போக்குத் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பாகவே சில பெண்களுக்கு மனச்சோர்வும் எரிச்சலும் தோன்றுவதுண்டு. உடலில் சுரக்கும் ஊக்குநீர்களின் ஏற்ற இறக்கமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனவே அவள் முகம் வாடியிருக்கும்போது வாதாடுவதைக் காட்டிலும் சற்று விலகி நிற்பதே அறிவுடைமை. அதே வேளையில், அவள் நியாயமாகக் கோபப்படும்போதெல்லாம், "இது அந்த நாள் கோபம்" என்று தள்ளிவிடுவதும் தவறு. அவள் சொல்லுக்கு எந்நாளும் ஒரே மதிப்புதான்.

அண்ணனும் தம்பியும் செய்யத் தக்கவை

முதலாவது, நாவடக்கம். காசில்லாமல் செய்யக்கூடியதும் மிகப் பெரிய உதவியும் இதுவே. ஆடையில் கறை படிந்ததைக் கண்டு சிரிப்பதும், நண்பர்களிடம் சொல்லிக் கேலி செய்வதும் ஒரு சிறுமியின் நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். கறையைக் கண்டால், "பின்னால் கறை பட்டிருக்கிறது, தங்கச்சி, இந்தத் துண்டைக் கட்டிக்கொள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லித் துணியை நீட்டினால் போதும். பள்ளியிலோ பேருந்திலோ வேறு பையன்கள் கேலி செய்யும்போது, அவர்களை அடக்குவதும் உடன்பிறந்தவனின் கடமை. தன் தங்கைக்காக மட்டுமன்றி எந்தச் சிறுமிக்காகவும் அவன் அவ்வாறு பேச வேண்டும்.

இரண்டாவது, அறிந்திருத்தல் வேறு, ஆராய்தல் வேறு என்பதை உணர்தல். உடன்பிறந்தவனிடம் இதைப் பற்றிப் பேச விரும்பும் பெண்கள் உண்டு. விரும்பாத பெண்களும் உண்டு. எந்த நாள் வந்தது, எப்பொழுது முடியும் என்றெல்லாம் குடைந்து கேட்பது தொந்தரவேயன்றித் துணையாகாது. "ஏதாவது வேண்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, நீர். அந்நாட்களில் குளிக்கக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது என்று சிலர் கூறுவர். அதற்கு மருத்துவ ஆதாரம் ஏதுமில்லை. நாள்தோறும் குளித்துத் தூய்மையாக இருப்பதே நல்லது. பொதுக்குழாயிலிருந்து நீர் சுமக்க வேண்டிய வீடாயின், அந்த வேலையை அந்நாட்களில் அண்ணன் ஏற்றுக்கொள்ளலாம். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தால் அதை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். நான்கு பேர் வாழும் வீட்டில் தாழிட இயலாத குளியலறை ஒரு பெண்ணுக்கு எத்தகைய துன்பம் என்பதை ஆண்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குளியலறையில் மூடியுள்ள ஒரு குப்பைத் தொட்டியும், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளும் வைப்பதற்கு அதிகம் செலவாகாது.

நான்காவது, சூடும் மருந்தும். பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரை ஒரு போத்தலில் ஊற்றி, இறுக மூடி, துண்டில் சுற்றி அடிவயிற்றில் வைத்தால் தசைப்பிடிப்பு தளர்கிறது. கொதிநீரை ஊற்றலாகாது, தோல் வெந்துவிடும். சூடான பானமும், மெதுவான நடையும் சிலருக்கு ஆறுதல் அளிக்கும். வலி மிகுந்தால் பாரசிட்டமால் மாத்திரையை உறையில் குறித்துள்ள அளவுப்படி கொடுக்கலாம். ஐபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம் ஆகியவை இவ்வலிக்கு மேலும் நல்ல பலன் தருவன. ஆயினும் அவற்றை உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும். குடற்புண்ணோ ஈளையோ உள்ளவர்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளாமல் அவற்றை உண்ணலாகாது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

ஐந்தாவது, உணவு. மாதந்தோறும் இரத்தம் வெளியேறுவதால் பெண்ணின் உடலில் இரும்புச்சத்து குறைகிறது. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் இரத்தச்சோகை உடையவர்கள். களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், படிப்பில் கவனமின்மை ஆகியன இதன் அறிகுறிகள். ஈரல், மீன், நெத்திலி, முட்டை, பயறு, முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கேழ்வரகு ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. சோற்றோடு ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். இதற்கு மாறாக, உணவோடு தேநீர் குடித்தால் அச்சத்தில் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. நம் வீடுகளில் சோறு உண்டதும் தேநீர் அருந்தும் வழக்கம் உண்டு. அதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தல் நலம். மேலும், கறித்துண்டு ஆண்பிள்ளைக்கு, குழம்பு பெண்பிள்ளைக்கு என்று பங்கிடும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருக்குமானால், தன் தட்டிலிருப்பதைத் தங்கையோடு பகிர்ந்துகொண்டு அதை மாற்றக்கூடியவன் அண்ணனே.

ஆறாவது, கடைக்குச் செல்லுதல். "பேட்" என்று கடைகளில் விற்கப்படும் பஞ்சு உறையைப் பலர் பழைய தாளில் சுற்றி, கறுப்புப் பையிலிட்டு, திருடிய பொருளைப் போல் எடுத்து வருகின்றனர். அரிசி, பருப்பு, சவர்க்காரம் எழுதும் பட்டியலில் இதுவும் ஒரு வரி என்று கருதினால் இந்தத் தயக்கம் தானே மறையும். எந்த வகை வேண்டும் என்பதைத் தங்கையிடம் எழுதி வாங்கிக்கொண்டோ, பழைய உறையைக் காட்டியோ வாங்கி வரலாம். வீட்டில் எப்பொழுதும் ஒரு கட்டு கூடுதலாக இருக்கட்டும். சம்பளத்திற்கு முந்திய வாரத்தில் கையில் காசில்லாமல், ஒரே பேட்டை நாள் முழுதும் வைத்திருக்கும் நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரலாகாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். இல்லாவிடில் தோல் புண்படும், அரிப்பும் தொற்றும் உண்டாகும்.

துணி பயன்படுத்தும் வீடுகளில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துணியைத் தண்ணீரில் அலசி, சவர்க்காரமிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். பிறர் கண்ணில் படக்கூடாது என்று கட்டிலுக்கு அடியிலோ பலகை இடுக்கிலோ காயவைத்தால் அது ஈரமாகவே இருந்து கிருமிகளுக்கு இருப்பிடமாகிவிடும். வீட்டின் பின்புறம் வெயில் விழும் இடத்தில் ஒரு தனிக் கொடி கட்டிக்கொடுத்து, அதை உற்றுப் பாராமல் இருப்பது ஆண்மக்கள் செய்யக்கூடிய எளிய உதவி.

ஏழாவது, பள்ளி. வலி தாங்கக்கூடியதாக இருந்தால் பள்ளிக்குச் செல்ல ஊக்குவிக்க வேண்டும். பையில் இரண்டு பேட்டும், ஒரு மாற்று உள்ளாடையும், ஒரு சிறு பையும் இருந்தால் அவள் அச்சமின்றிச் செல்வாள். ஒரு நாள் செல்ல முடியாவிடில், அன்றைய பாடங்களை அவள் தோழியிடமிருந்து மாலையில் வாங்கி வருவது தம்பிக்கும் முடியும். தமிழ்ப்பள்ளிகளின் நலக்கல்விப் பாடத்தில் பருவமடைதல் பற்றிய பகுதி உண்டு. அப்பாடத்தை மாணவர்களும் சிரிப்பின்றிக் கற்க வேண்டும்.

தீட்டு என்னும் எண்ணம்

சில வீடுகளில் அந்நாட்களில் பெண்ணுக்குத் தனிப் பாயும் தனித் தட்டும் கொடுத்துப் பின்புறத் தாழ்வாரத்தில் அமர்த்தும் வழக்கம் இருந்துவருகிறது. பூசையறையிலும் கோயிலிலும் எவ்வாறு ஒழுகுவது என்பது அவரவர் நம்பிக்கையையும் குடும்ப வழக்கையும் பொறுத்தது. அதைப் பற்றி இங்கு நாம் வாதிக்கவில்லை. ஆனால் வழிபாட்டு ஒழுக்கம் வேறு. வாழும் பெண்ணை வதைப்பது வேறு. கொசுக்கடியிலும் பனியிலும் வெளியே படுக்கவைப்பதும், சூடான உணவை மறுப்பதும், குளிக்க விடாமல் தடுப்பதும், மருந்து வாங்கித் தராமலிருப்பதும், பள்ளிக்கு அனுப்பாமலிருப்பதும் எந்த மரபின் பெயராலும் நியாயமாகா. அவள் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும், செடி வாடிவிடும் என்பவை ஆதாரமற்ற கூற்றுகள்.

அந்தக் காலத்தில் இவ்வழக்கத்தில் ஒரு நன்மையும் மறைந்திருந்ததாகப் பெரியவர்கள் கூறுவர். ஓயாமல் உழைத்த பெண்ணுக்கு மூன்று நாள் ஓய்வு கிடைத்தது என்பர். அப்படியாயின் ஓய்வை மட்டும் வைத்துக்கொண்டு ஒதுக்கலை விட்டுவிடுவோமே! பாத்திரம் தேய்ப்பதையும் கூட்டிப் பெருக்குவதையும் அந்த இரண்டு நாட்களுக்கு அண்ணனும் தம்பியும் செய்யட்டும். பாட்டி மறுப்புக் கூறினால், அவரோடு சண்டையிட வேண்டியதில்லை. "பாட்டி, நான் தேய்த்து வைத்துவிட்டேன், தங்கச்சி கொஞ்சம் படுத்திருக்கட்டும்" என்று பணிவாகச் சொன்னால், பேரன் சொல்லை எந்தப் பாட்டி தட்டுவார்?

மரத்தடியிலும் மறவாதீர்

பெரியவர்களான பின்னும் அக்காளும் தம்பியும் ஒரே தோட்டத்தில் மரம் வெட்டும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் படுத்திருக்கும் மாணவியின் நிலையைவிட மரத்தடியில் நிற்கும் பெண்ணின் நிலை கடினமானது. நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் குனிந்து நிமிர வேண்டும். மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும். பால் நிறைந்த வாளிகளைச் சுமக்க வேண்டும். மாற்றிக்கொள்ள மறைவிடம் கிடையாது. கழுவ நீர் கிடையாது.

இங்கே உடன்பிறந்தவன் செய்யக்கூடியது பல. மேட்டு நிரையைத் தான் எடுத்துக்கொண்டு சமநிலத்து நிரையை அக்காளுக்கு விட்டுக்கொடுக்கலாம். கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிக்கல் இராது. பால் எடுக்கும் வேளையில் அவள் வாளியையும் நிறுவைக்குச் சுமந்து செல்லலாம். குடிநீரோடு இன்னொரு போத்தல் நீரும் எடுத்துச் செல்லலாம். பால் கொட்டகையின் ஓரத்தில் நான்கு கம்பு நட்டு, பழைய தார்ப்பாய் கட்டி, ஒரு தண்ணீர்த் தோம்பும் வைத்தால் அங்கு வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் அது பயன்படும். தொழிற்சங்கக் கிளையின் கூட்டத்தில் கழிப்பிட வசதியைப் பற்றிப் பெண்கள் பேசத் தயங்கினால், ஆண்கள் எழுந்து பேச வேண்டும்.

தொழிலாளர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்களும் உண்டு. தோட்டத்தில் குடியிருப்போருக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதி, அடிப்படை வசதிச் சட்டம் கூறுகிறது. மாதவிலக்கு விடுப்பு என்று தனியாக ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆயினும் வேலை செய்ய இயலாத வலியுள்ளவர் மருத்துவரிடம் சென்று சான்றிதழ் பெற்றால், 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவாயின் 18 நாள், அதற்கு மேல் 22 நாள்.

மருத்துவரிடம் எப்பொழுது அழைத்துச் செல்வது?

பெண்ணாய்ப் பிறந்தால் வலியைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்னும் பேச்சு பலருடைய நோயை வளர்த்துவிட்டிருக்கிறது. பின்வரும் நிலைகளில் தாமதமின்றி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்கோ அழைத்துச் செல்ல வேண்டும்:

உதிரப்போக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல். ஒவ்வொரு மணி நேரமும் பேட் நனைந்து மாற்ற வேண்டியிருத்தல். பெரிய பெரிய கட்டிகளாக இரத்தம் போதல். மருந்துக்கும் அடங்காத வலி. தலைசுற்றி மயங்கி விழுதல். காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள கசிவு. மூன்று மாதங்களுக்கு மேல் வராதிருத்தல். பதினைந்து வயதாகியும் பருவமெய்தாதிருத்தல். எட்டு வயது நிரம்புமுன் பருவமடையும் அறிகுறிகள் தோன்றுதல்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலியை உண்டாக்கும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. "இது எல்லார்க்கும் வருவதுதானே" என்று கூறி அனுப்பப்பட்டதால் ஆண்டுக்கணக்கில் அந்நோயோடு போராடியவர்கள் பலர். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தோட்டத்திலிருந்து அங்குச் செல்ல வழிதான் பெரும்பாலும் சிக்கல். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அண்ணன் இங்கேதான் பெரிதும் தேவைப்படுகிறான். மருத்துவரிடம் அவள் தனியே பேச விரும்பினால் வெளியே காத்திருக்கட்டும்.

தாயில்லாப் பிள்ளைகளுள்ள வீடுகளில் தமையனின் பொறுப்பு இருமடங்காகும். எல்லாவற்றையும் தானே சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. அத்தையோ, அண்டை வீட்டு அக்காளோ, பள்ளி ஆசிரியையோ, மருந்தகத் தாதியோ ஒருவரைத் தங்கைக்கு அறிமுகப்படுத்தி, "எதுவானாலும் இவரிடம் கேள்" என்று சொல்லிவைத்தால் அவள் அச்சம் பாதியாகும்.

ஓர் ஆண்மகன் செய்த முயற்சி

ஆணொருவன் இதில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போருக்குக் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் விடையாக விளங்குகிறார். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் கூலியில் வளர்ந்து, பள்ளியை இடையில் விட்டு இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர் அவர். 1998இல் திருமணமான சில நாட்களில், மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். ஏனென்று கேட்டபோது, பேட் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் காசில் கைவைக்க வேண்டிவரும் என்று அறிந்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியால் ஊராரின் ஏளனத்திற்கு ஆளானார். மனைவியும் சில காலம் பிரிந்து சென்றார். ஆயினும் விடாமல் முயன்று, சிற்றூர்ப் பெண்களே குறைந்த செலவில் பேட் தயாரிக்கக்கூடிய எளிய இயந்திரத்தை உருவாக்கினார். இந்திய அரசாங்கம் 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவருக்குத் தூண்டுகோலாயிருந்தது பட்டமோ பணமோ அன்று. தன் வீட்டுப் பெண்ணின் துன்பத்தைக் கண்திறந்து பார்த்தது ஒன்றே.

நம் நாட்டு அரசாங்கமும் இதை வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் செய்தியாகக் கருதவில்லை. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 130,000 இளம்பெண்களுக்குத் தூய்மைப் பொருள்கள் அடங்கிய பொட்டலம் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் எந்தத் திட்டமும் விடியற்காலை ஐந்து மணிக்குப்பின் நம் வீட்டுக்குள் வந்து வெந்நீர் வைக்காது. அது வீட்டிலுள்ளவர் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

மகனுக்குப் பத்து வயதாகும்போதே இவற்றை எளிய சொற்களில் கூறிவிடுங்கள். தந்தை கூறினால் இன்னும் நன்று. "அம்மாவுக்கும் அக்காவுக்கும் மாதத்தில் சில நாள் வயிறு வலிக்கும். அது நோயில்லை. அந்நாளில் நாம் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். தந்தை தன் மனைவியை அந்நாட்களில் எவ்வாறு நடத்துகிறாரோ, அதைப் பார்த்தே மகன் தன் தங்கையை நடத்துவான். நாளை தன் மனைவியையும் அவ்வாறே நடத்துவான்.

தொடக்கத்தில் எண்ணிப் பார்த்த அந்த வீட்டுக்கு மீண்டும் செல்வோம். அதே விடியற்காலை. தங்கை சுருண்டு படுத்திருக்கிறாள். இம்முறை தமையன் அதட்டவில்லை. அடுப்பைப் பற்றவைக்கிறான், போத்தலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி அருகில் வைக்கிறான். இரண்டு பிஸ்கட்டையும் ஒரு மாத்திரையையும் நீட்டுகிறான். "பேருந்து வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. முடிந்தால் போ, முடியாவிட்டால் ஆசிரியையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்கிறான். அவள் அன்று பள்ளிக்குச் செல்லக்கூடும், செல்லாமலும் இருக்கலாம். ஆனால் தன் வீட்டில் தன் வலியை நம்புகின்ற ஒருவன் இருக்கிறான் என்பதை அவள் அறிந்துகொள்கிறாள்.

அத்தகைய தமையன் ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். பிற்காலத்தில் அவன் தாய்மாமனாகச் சீர்த்தட்டு ஏந்தி வரும்போது, அந்தத் தட்டுக்கு உரிய தகுதியை இளமையிலேயே தேடிக்கொண்டவனாக இருப்பான்.